தானே கட்டிய கிராமத்து வீடு: பராமரிப்பையும் தோட்டத்தையும் எந்த வரிசையில் தொடங்க வேண்டும்?

சொந்தக் கையால் வீட்டைக் கட்டிக் குடியேறியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே நாற்று வாங்கி வந்து சுவரோரமாக நட்டுவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, நாற்றுகளில் பாதி அழுகிப்போகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்பே மற்ற வேலைகள் தொடங்கிவிட்டன.

தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது. வேலையோ கீழிருந்து மேலே போக வேண்டும். கடைசியில் தண்ணீர் போகும் இடம் தயாராகாமல் கூரையில் கால்வாய் மாட்டினால், கூரை முழுவதிலும் விழுந்த மழையை ஒரே மூலையில் கொண்டுவந்து அஸ்திவாரத்தில் கொட்டியதாகிவிடும். கீழே உள்ள வரிசை இந்தக் கணக்கில் அமைந்தது. தோட்டம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்று தோன்றினால், ஐந்தாவது படியில் உள்ள தொட்டிக் கணக்கைப் பாருங்கள்.

1. தொடங்கும் முன்: ஒரு நோட்டு, ஒரு கனமழை, சில கருவிகள்

பிறர் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வரைபடம் இருக்கும். தானே கட்டிய வீட்டின் வரைபடம் பெரும்பாலும் கட்டியவரின் மனத்தில்தான் இருக்கும். சில ஆண்டுகளில் அவருக்கே அது மங்கிவிடும். ஆகவே தரைக்கடியில் போகும் ஒவ்வொரு குழாயையும், மின்கம்பியையும், கழிவுத்தொட்டி மூடியையும் முதலில் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து தூரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு மூலையிலிருந்து மட்டும் அளந்தால் தூரம் தெரியும், திசை தெரியாது. இரண்டு அளவுகள் இருந்தால் புல் மூடிய பிறகும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கலாம். ஆழத்தையும் குறித்துவையுங்கள். மரக்கன்றுக்குக் குழி தோண்டும்போது குழாயை உடைத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஒரு கனமழைக்குக் காத்திருங்கள். குடையோடு வெளியே நின்று அரை மணி நேரம் பார்த்தால் போதும். கூரையிலிருந்து எந்த இடத்தில் அதிகமாகக் கொட்டுகிறது, பக்கத்து மேட்டிலிருந்து எந்த வழியாக வருகிறது, சுவரை எங்கே தொடுகிறது என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் எந்தக் குட்டை இன்னும் வற்றாமல் இருக்கிறது என்றும் பாருங்கள். வெயில் நாளில் போடும் திட்டம் ஊகம்தான்.

கருவிகளைப் பொறுத்தவரை மண்வெட்டி, கடப்பாரை, கரணை, நூல், முளைக்குச்சிகள், உறுதியான ஏணி, ரப்பர் கையுறை, கண்களை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடக்கும். இவற்றோடு பத்து மீட்டர் நீளத்துக்கு, உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ரசமட்டம் எட்டாத தூரத்துக்கும் இது மட்டம் காட்டும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தவறும். அதை வெளியேற்றிவிட்டே அளவெடுங்கள்.

2. வீட்டைச் சுற்றியுள்ள தரை

சுவரிலிருந்து முதல் 3 மீட்டர் தூரத்துக்குத் தரை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். அந்த 3 மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் இருந்தால் நல்லது. சுவரோரம் ஒரு முளையும் 3 மீட்டர் தள்ளி இன்னொரு முளையும் அடித்து, மட்டக்குழாயால் ஒரே உயரத்தில் நூல் கட்டுங்கள். நூலிலிருந்து தரைவரை இரு முனைகளிலும் அளந்தால் இறக்கம் தெரிந்துவிடும். கண் மதிப்பை நம்பாதீர்கள். சமதளமாகத் தெரியும் இடம் வீட்டைப் பார்த்துச் சரிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

மண் போட்டு உயர்த்த வேண்டியிருந்தால் களிப்பான மண்ணைப் போட்டு, அடுக்கடுக்காக நனைத்து இடித்து இறுக்குங்கள். மணலையோ மக்கு கலந்த தோட்ட மண்ணையோ போட்டால் தண்ணீர் மேலே வழியாமல் உள்ளே இறங்கி நேராக அஸ்திவாரத்துக்குப் போகும்.

உயர்த்தும்போது ஓர் எல்லை உண்டு. வெளித்தரை எப்போதும் வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். சுவரின் அடியில் ஓதத்தடுப்பு அடுக்கு இருந்தால் இந்த 15 செ.மீ. அளவை அதிலிருந்து கணக்கிடுங்கள். மண் அந்த அடுக்குக்கு மேலே போனால் ஓதம் அதைத் தாண்டிச் சுவருக்குள் ஏறிவிடும். கரையானும் கண்ணுக்குப் படாமலே மரச்சட்டங்களுக்குப் போய்விடும். அஸ்திவாரம் தோண்டிய மண்ணைச் சுவரோரமே குவித்துவைத்துவிட்டு மறந்துபோவதுதான் புதிதாகக் கட்டிய வீடுகளில் நான் அதிகம் காணும் தவறு.

கூரை விளிம்பிலிருந்து விழும் மழை தரையில் அடித்து, சேறோடு முழங்கால் உயரம்வரை சுவரில் தெறிக்கும். சுவரின் அடிப்பகுதி மட்டும் பொரிந்து உதிர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். விளிம்புக்கு நேர்க்கீழே அரை மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் பரப்புங்கள். கல்லிடுக்கில் விழும் துளி சிதறிவிடும், சேறும் தெறிக்காது. சிமெண்ட் தளம் போடுவதைவிட இதையே நான் விரும்புகிறேன். தளம் சுவரோடு சேரும் இடத்தில் என்றாவது விரிசல் விடும், அந்த விரிசல் தண்ணீரைச் சுவரடிக்கே அழைத்துச் செல்லும்.

மேட்டுப் பக்கமிருந்து தண்ணீர் வந்தால், வீட்டை அடைவதற்கு முன்பே அதை மடக்கி ஓரமாகக் கொண்டுபோக ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று வெட்டுங்கள். செடிகளைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பெரிதாக வளரும் மரம் முழுதாக வளர்ந்தபின் எவ்வளவு உயரம் இருக்குமோ, அவ்வளவு தூரம் தள்ளி வைப்பது பாதுகாப்பு. விறகு அடுக்கும் சுவரைத் தொடக் கூடாது, தரையையும் தொடக் கூடாது.

மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து சுவரடியைக் குனிந்து பாருங்கள். பென்சில் கனத்தில் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான் பாதை. நடுவில் ஒரு விரற்கடை உடைத்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். மீண்டும் அடைபட்டிருந்தால் உள்ளே கரையான் இருக்கிறது, உடனே சிகிச்சை தேவை.

3. கூரையும் மழைநீர்க் கால்வாயும்

கூரை விளிம்பில் மாட்டும் கால்வாய்க்கு மீட்டருக்கு 5 முதல் 10 மி.மீ. சரிவு போதும். அதற்குக் குறைந்தால் இலையும் சேறும் தேங்கும். அதிகமானால் ஒரு முனை கூரை விளிம்பிலிருந்து மிகவும் தாழ்ந்து, பலத்த மழையில் தண்ணீர் கால்வாயைத் தாண்டிக் குதிக்கும். மாட்டி முடித்ததும் மேல் முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது நின்றால் அந்த இடத்துத் தாங்கியைச் சரிசெய்யுங்கள். அந்தத் தேக்கத்தில்தான் கொசு முட்டையிடும்.

ஒழுகலைத் தேடும்போது கூரையின் உள்பக்கத்தில் ஈரம் தெரியும் இடத்தோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓடிப் பிறகுதான் சொட்டும். ஓட்டை அதைவிட மேலே இருக்கும். நல்ல வெயிலில் வீட்டுக்குள் விளக்கணைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் வரும் புள்ளிகள் சில சமயம் நேராகவே காட்டிக்கொடுக்கும்.

ஏணி 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஊன்ற வேண்டும். ஆள் பிடிக்காமல் ஏறாதீர்கள். ஈரமான கூரையிலும் கல்நார்த் தகட்டிலும் ஏறவே கூடாது. பழைய கல்நார்த் தகடு மனித எடை தாங்காமல் உடைந்துபோகும், அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு.

4. சுவர்: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே பூச வேண்டும்

ஈரமான சுவரைக் கண்டதும் அதன்மேல் பூசத் தோன்றும். பூசினால் ஈரம் உள்ளேயே இருக்கும், சில மாதங்களில் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு சாண் சதுரத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உள்பக்கம் வைத்து நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் பின்புறம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பதே அதற்கு மருந்து.

ஈரம் தரையிலிருந்து ஏறினால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். மேலிருந்து இறங்கினால் மூன்றாவது படிக்கு. இரண்டையும் சரிசெய்து, ஒரு கோடை முழுவதும் சுவர் உலர்ந்த பிறகுதான் பூச்சைத் தொட வேண்டும்.

மண் சுவரிலும் சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரிலும் சிமெண்ட் பூசாதீர்கள். இது இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி மேற்பரப்பு வழியாக ஆவியாக்கி உலர்பவை. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. சுவரும் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் மயிரிழை விரிசல்கள் தோன்றும். அதன் வழியே மழை உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள் இளகும். விரல் மடக்கித் தட்டினால் பொத்தென்று கூடாகச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு ஏற்கெனவே சுவரை விட்டுவிட்டது. பிளாஸ்டிக் கலந்த பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

இத்தகைய சுவருக்கு ஏற்றது சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது சட்டெனக் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூடு தாங்காமல் இளகிவிடும், உலோகப் பாத்திரம் வேண்டும். அலுமினியம் மட்டும் ஆகாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள். கண்ணில் பட்டால் தொடர்ந்து 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பை மேலே தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்துச் சில வாரங்கள் ஊறவிட்டால், நீறாத கட்டிகள் சுவரில் ஏறிப் பிறகு வெடிக்காது. அடிக்கும் முன் சல்லடையில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள். சுவரைத் துடைத்து, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, அந்தப் பக்கம் நிழல் விழும் நேரத்தில் அடியுங்கள். காய்ந்த சுவர் சுண்ணாம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்போது அது கெட்டிப்படாமல் கைபட்டால் ஒட்டிக்கொள்ளும் வெறும் தூளாக நின்றுவிடும்.

அடிக்கும்போது சுவர் கொஞ்சமும் வெளுக்காதது போலத் தெரியும். புதியவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து தடிப்பாக அப்பிவிடுகிறார்கள், அது உரிந்து விழுகிறது. காயக் காயத்தான் வெண்மை வரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாகும் பொருள் அது. நாளுக்கொரு கையாக (ஒரு கை என்பது ஒரு பூச்சு), மெல்லிய நான்கைந்து கைகள் அடியுங்கள்.

சுவரில் விரிசல் கண்டால் அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். நீளாமல் நின்றால் அடைத்துவிடலாம். நீண்டுகொண்டே போனாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி 5 மி.மீ.க்கு மேல் அகன்றாலோ அடைப்பது பயன் தராது. பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும்.

கதவு, ஜன்னல் மரங்களுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்கள் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியே கல்மேல் விரித்துக் காயவையுங்கள்.

5. மழைநீர்த் தொட்டி: தோட்டத்தின் அளவை இதுதான் முடிவு செய்யும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். கூரையின் சரிவு நீளத்தை எடுக்காமல், அது தரையில் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 1,200 லிட்டர். தெறிப்பு, ஆவியாதல், கசிவு எல்லாம் போக அதில் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும், அதாவது சுமார் 960 லிட்டர்.

இப்போது தோட்டத்தின் தேவை. காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 லிட்டர் என்பது பொதுவான கணக்கு; கடும் வெயிலில் இன்னும் கூடும். 12 சதுர மீட்டர் பாத்திக்கு வாரம் 300 லிட்டர். எட்டு வாரம் மழையில்லை என்றால் 2,400 லிட்டர் கையிருப்பு வேண்டும். உங்கள் தொட்டி 1,000 லிட்டர்தான், வேறு நீராதாரமும் இல்லை என்றால், பாத்தியை 5 சதுர மீட்டரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். பெரிய தோட்டத்தை நட்டுவிட்டுப் பாதியைக் காயவிடுவதைவிடச் சிறியதை முழுமையாகக் காப்பாற்றுவது மேல்.

முதல் மழை கூரையின் தூசி, பறவை எச்சம், இலைத்துகள் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். குறைந்தது முதல் 1 மி.மீ. மழையையாவது வெளியே விட்டுவிடுங்கள். 60 சதுர மீட்டர் கூரைக்கு அது 60 லிட்டர். பலர் ஒரு மீட்டர் நீளக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அடியை மூடி, முதல் மழையைப் பிரித்துவிட்டதாக நினைக்கிறார்கள். உள்விட்டம் 10 செ.மீ. உள்ள குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்கூடக் கொள்ளாது. அதற்குப் பதில் ஒரு டிரம் வையுங்கள். அது நிரம்பிய பிறகு தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்படி குழாயை இணையுங்கள். டிரம்மின் அடியில் சொட்டுச்சொட்டாக வடியும் சிறு துளை இருந்தால் அடுத்த மழைக்குத் தானே காலியாகிவிடும்.

1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. புதிதாக நிரவிய மண்ணின்மேல் தொட்டியை வைத்தால் ஒரு பக்கம் அமுங்கும். இறுகிய தரையில் மட்டமான மேடை கட்டுங்கள். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் அழுத்தம் சிறிதளவே கூடும் என்பதால், சொட்டுநீர்க் குழாய் போட எண்ணினால் மேடையை ஒரு மீட்டராவது உயர்த்துங்கள்.

எடுக்கும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கட்டும், வண்டல் கீழேயே தங்கும். வழிந்தோடும் குழாய், வரும் குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதன் வாய் இரண்டாவது படியில் தயார் செய்த சரிவில் போய் முடிய வேண்டும். வெளிச்சம் புகாமல் மூடினால் பாசி பிடிக்காது. எல்லாத் திறப்புகளுக்கும் 1 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள வலை கட்டுங்கள். வெப்பமான இடங்களில் கொசுமுட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

கல்நார்த் தகடோ ஈயம் கலந்த பெயிண்டோ உள்ள கூரையின் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். மற்றவற்றையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தளதளவெனக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் மூன்று நிமிடம்.

6. கழிவுநீர்

குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தோட்டத்துக்கு உதவும். ஆனால் அவற்றைச் சேமிக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் நின்றால் நாற்றமெடுத்துக் கிருமி பெருகும். வெளியேறிய உடனே மண்ணுக்குள் போக வேண்டும்.

முதலில் மண் எவ்வளவு குடிக்கும் என்று பாருங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிரப்புங்கள். அது வடிந்ததும் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2 முதல் 5 செ.மீ. என்றால் நல்லது. அசையாமல் நின்றால் அந்த இடம் கழிவுநீருக்கு ஆகாது, பரப்பை அதிகமாக்க வேண்டும் அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும்.

மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டி, மரச்சீவலோ சருகோ நிரப்பி, குழாய் அதற்குள் விழும்படி செய்யுங்கள். தண்ணீர் மேலே தெரியக் கூடாது. வெப்பமான ஊர்களில் வாழை இதற்கு மிகவும் ஏற்றது. சமையலறைக் குழாய்க்கு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் சிறு தொட்டி இல்லாவிட்டால் பள்ளம் விரைவில் அடைத்துக்கொள்ளும். கீரைக்கும் கிழங்குக்கும் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் இந்தத் தண்ணீரை விடாதீர்கள். துணி துவைத்த நீரில் சோடியம் மிகுந்திருந்தால் களிமண்ணின் கட்டமைப்பு குலைந்து மேற்பரப்பு பலகைபோல் இறுகும். அதை மழைக்காலத்தில் மட்டும், இடம் மாற்றி மாற்றி விடலாம்.

கழிப்பறைக் குழியும் கிணறும் குறைந்தது 15 மீட்டர் விலகி இருக்க வேண்டும், குழி தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். மணற்பாங்கான இடத்திலும் வெடிப்புள்ள பாறையிலும் இந்தத் தூரம் போதாது. உங்கள் பகுதியின் விதி இதைவிட அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். மூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் யாரும் இறங்கக் கூடாது, இறக்கவும் கூடாது. உள்ளே சேரும் வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளை மயக்கிவிடும். காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்துபோகிறார்கள். இயந்திரம் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

7. மக்கு உரம்: பாத்திக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே

நாற்று வாங்கிய அன்று உரம் தேடுவது வழக்கமாகிவிட்டது. குவியலை முன்பே தொடங்க வேண்டும், அது மக்கி முடியும்போதுதான் பாத்திக்கு வேளை வரும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். அதைவிடச் சிறிய குவியல் சூட்டைத் தக்கவைக்காது. காய்ந்த சருகு, வைக்கோல், அட்டை போன்றவை மூன்று பங்கு என்றால் பச்சை இலை, காய்கறிக் கழிவு, சாணம் ஒரு பங்கு. அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் நனையுங்கள். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

சரியான குவியல் சில நாட்களில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ்வரை சூடாகும். 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் இருந்த பகுதியில் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஓரத்தில் அந்தச் சூடு வராது, அதனால்தான் புரட்டும்போது வெளியே இருப்பதை உள்ளே தள்ளுகிறோம். குவியல் சொல்வதை மூக்கால் கேட்கலாம். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சை அதிகம். அழுகிய முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. எந்த வாசனையும் இல்லாமல் குளிர்ந்து கிடந்தால் காய்ந்திருக்கிறது அல்லது சிறியதாக இருக்கிறது.

வெளியிலிருந்து வாங்கும் சாணத்திலும் வைக்கோலிலும் ஓர் ஆபத்து உண்டு. மேய்ச்சல் நிலத்தில் தெளித்த சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் மக்குக் குவியலையும் தாண்டி உயிரோடு இருப்பதுபோல் வேலை செய்யும். பாத்தி முழுவதும் பரப்புவதற்கு முன் இரண்டு தொட்டிகளில் அவரை விதை ஊன்றுங்கள். ஒன்றில் அந்த உரம் கலந்த மண், மற்றதில் உரமில்லாத மண். இரண்டு மூன்று வாரத்தில் உரத்தொட்டியில் மட்டும் இலைகள் சுருண்டு முறுக்கினால் அந்த உரத்தைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

8. பாத்தி

கலவை குழைத்த இடத்திலும் செங்கல் அடுக்கிய இடத்திலும் பாத்தி போடாதீர்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணின் காரத்தன்மை கூடிப்போய்ச் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலை வருவது அதன் அடையாளம். உரம் போட்டுப் போட்டுப் பார்த்தும் தேறாத பல தோட்டங்களில் நான் கண்ட காரணம் இதுதான். மேல்மண்ணை அகற்றி நல்ல மண் போடுங்கள், இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். கட்டுமான வண்டிகள் ஓடி இறுகிய இடத்தையும் கடப்பாரையால் நெம்பித் தளர்த்த வேண்டும்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டர், இருபுறமிருந்தும் கை நடுவரை எட்டும், உள்ளே கால் வைக்கத் தேவையில்லை. மிதித்த மண்ணில் வேருக்குக் காற்றில்லை. சமையலறைக் கதவிலிருந்து கண்ணில் படும் இடமே நல்ல இடம். கண்ணில் படாத பாத்திக்குத் தண்ணீரும் போகாது, பூச்சி வந்ததும் தெரியாது.

மண்ணின்மேல் 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் நான்கு விரற்கடை விட்டுவிடுங்கள். தொட்டால் தண்டு அழுகும். மூடாக்குப் போட்டதும் தண்ணீர்க் கணக்கு குறையும், களையும் குறையும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஆழமாக நனைப்பது வேரைக் கீழே இழுக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். விதையும் இளநாற்றும் இதற்கு விலக்கு.

தன்னிறைவு என்றதும் தானியத்தில் தொடங்குபவர்கள் உண்டு. அதற்கு நிலமும் தண்ணீரும் உழைப்பும் மிக அதிகம். தினமும் பறிக்கக்கூடிய கீரை, வாசனைத் தழைகள், தக்காளி, அவரை, பூசணி இவற்றில் ஓர் ஆண்டு கைதேறிய பிறகு அடுத்ததைப் பாருங்கள். கீரையை ஒரே நாளில் முழுவதும் விதைக்காமல் இரு வாரத்துக்கொருமுறை ஒரு வரிசையாக விதைத்தால் ஒரே வாரத்தில் குவிந்து வீணாகாது.

9. விதை

தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்பவை. அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே இனப் பூசணிகளை அருகருகே வைத்தால் தேனீ கலந்துவிடும், அடுத்த தலைமுறை எப்படி வரும் என்று சொல்ல முடியாது. கலப்பின விதைப் பழத்திலிருந்து எடுத்த விதையும் தாயைப்போல் இராது. வீரியமான செடியில் முதலில் நன்றாகக் காய்த்ததையே விதைக்கு விடுங்கள். நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில், குளிர்ந்த இருட்டில் வையுங்கள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு.

10. ஆண்டு முழுவதுக்குமான முறை

வாரம் ஒருமுறை தொட்டியின் வலை, எண்ணெய்ப் பிசுக்குத் தொட்டி, மக்குக் குவியலின் ஈரம் மூன்றையும் பாருங்கள். மாதம் ஒருமுறை சுவரடியைச் சுற்றி வருவதோடு, மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானையும் அழுத்துங்கள். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அது உயிர் காக்காது, மின்பணியாளரை வரவழையுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன் கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்து, வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டி, தொட்டியின் வண்டலை வெளியேற்றுங்கள். சரளைக்கல்லுக்குள் மண் ஏறியிருந்தால் அள்ளிச் சலித்துத் திரும்பப் போடுங்கள். முதல் கனமழை முடிந்ததும் தரைச்சரிவை நூல் கட்டி மீண்டும் அளங்கள். புதிதாக நிரவிய மண் முதல் இரண்டு ஆண்டுகளில் நிச்சயம் அமுங்கும், அமுங்கிய இடத்தில் களிமண் போட்டு இடிக்க வேண்டியிருக்கும்.

மழை ஓய்ந்து சுவர் நன்றாக உலர்ந்த பிறகு, கடும் வெயில் தொடங்குவதற்கு முன்பான வாரங்களைச் சுண்ணாம்பு வேலைக்கு ஒதுக்குங்கள். மழை அடிக்கும் பக்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கை தேவைப்படும். மற்ற பக்கங்களுக்கு, கைவைத்துத் தேய்த்தால் வெள்ளை ஒட்டத் தொடங்கும்போது அடித்தால் போதும்.